இடக்கைப் புளிப்பு

ஊது என்று சொல்வதுதான் என் வேலை. பதினோரு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொழிற்சாலை வாசலில் ஒரு தகரக் கூரை அறை, ஒரு மின்விசிறி, ஒரு தடித்த பதிவேடு, ஒரு ஊதும் மெஷின். உள்ளே போகிறவனும் ஊத வேண்டும், வெளியே வருகிறவனும் ஊத வேண்டும். உள்ளே நீராவிக் குழாய்களும் ஆள் உயரத் தொட்டிகளும் இருக்கின்றன, குடித்துவிட்டு ஏணி ஏறினால் விழுந்து சாவான் என்பதற்காக இந்த ஏற்பாடு. மெஷின் காட்டும் எண்ணை எழுதுவேன். பெரும்பாலும் சைபர். எப்போதாவது ஒருவன் முந்தைய நாள் மிச்சத்தோடு வந்து மாட்டிக்கொண்டு காலில் விழாத குறையாகக் கெஞ்சுவான். நான் எழுதிவிடுவேன். என்னை இங்கே யாருக்கும் பிடிக்காது. சில நாள் எனக்கே பிடிக்காது.

தொட்டிக்காரன் விஷயத்தில் மெஷின் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதை நம்பவில்லை.

அவனை எல்லோரும் தொட்டிக்காரன் என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருடம் தொட்டியோடு கிடந்தவனுக்கு வேறு பேர் எதற்கு? நான் குடியிருக்கும் கட்டடத்தில் எனக்கு மேல்மாடி. அவன், அவன் மனைவி, எட்டாவது படிக்கிற ஒரு மகள். போன வருடம் அவனுக்குக் குடல் முறுக்கிக்கொண்டு கறுத்துப்போய், பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் இரண்டு முழம்தான் மிச்சம் என்றார்கள். ஆள் பிழைத்ததே பெரிய விஷயம். திரும்பி வந்தபோது சட்டை அவன்மேல் இல்லை, அவன் சட்டைக்குள் எங்கேயோ இருந்தான். அப்போதும் வாய் மட்டும் குறையவில்லை.

"அண்ணே, உள்ள தையல் போட்டாங்களே நூலு, அது நம்ம சரக்குல செஞ்சதாம். தானாக் கரைஞ்சிடுமாம். நான் ஓட்டுன தொட்டி நூலை வச்சே என்னைத் தைச்சு அனுப்பிட்டானுங்க, பாத்தீங்களா?"

எங்கள் தொழிற்சாலையில் செய்வது ஒரு புளிப்பு. பீப்பாயில் லாக்டிக் ஆசிட் என்று அச்சடித்திருக்கும். தயிரைப் புளிக்கவைப்பதும் அந்த வகைதான் என்பார்கள். சர்க்கரைப் பாகைத் தொட்டியில் ஊற்றி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியை விட்டுச் சூட்டைச் சரியாக வைத்தால், அது சர்க்கரையைத் தின்றுவிட்டுப் புளிப்பாகக் கழியும். அவ்வளவுதான் தொழில். அந்தப் புளிப்பை வாங்கிப்போய் மணிமாலை மாதிரிக் கோத்து, பிளாஸ்டிக் போல ஆக்கிக் கப் செய்கிறார்கள், தட்டு செய்கிறார்கள், ஆஸ்பத்திரி நூல் செய்கிறார்கள்.

அதில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்தப் புளிப்பு இரண்டு கையாக வரும். ஒன்று இன்னொன்றைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி. ருசியும் ஒன்றுதான், வீச்சமும் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். ஆனால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. மனுஷ உடம்பு செய்வது வலக்கை. எங்களுக்கு வருகிற ஆர்டரும் வலக்கைக்குத்தான். தொட்டிக்குள் வேறு இனத்துப் பூச்சி புகுந்துவிட்டால் இடக்கை ஏற ஆரம்பிக்கும். இடக்கை கலந்தால் செய்த கப் வெந்நீர் பட்டதும் நெளிந்துபோகும். அதனால் உடனே சர்க்கரைக் குழாயை மூடு, தொட்டியைக் காலி பண்ணு, நீராவி விட்டுக் கழுவு என்று ஒரே களேபரமாக இருக்கும். 'தொட்டி இடக்கைக்கு ஓடிடுச்சு' என்பார்கள். அந்தப் பேச்சு அப்படியே ஆட்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருவன் சீட்டாட ஆரம்பித்தாலும், பெண்டாட்டியை அடித்தாலும், குடித்தாலும், இடக்கைக்கு ஓடிட்டான் என்றுதான் எங்கள் வாயில் வரும். நானும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

நாலு மாதமாகத் தொட்டிக்காரன் காலையில் ஏழு மணிக்கு நேராக வந்தான், மூன்று மணிக்குக் கோணலாகப் போனான். முதலில் அசதி என்று நினைத்தேன். அப்புறம் நாக்கு குழறியது. என் பெயரைச் சொல்ல வந்து பாதியில் நின்றுவிட்டு, வார்த்தையைத் தேடுகிற மாதிரி என் முகத்தையே பார்த்தான். ஒரு நாள் கேட் கம்பியைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தான்.

"ஊது."

ஊதினான். சைபர்.

"மறுபடி ஊது."

"அண்ணே, இது ரெண்டாவது தடவை."

"ஊதுடா."

சைபர்தான். மெஷினைத் தட்டிப் பார்த்தேன். அடுத்தவனை ஊதச் சொன்னேன். பின்னால் நின்ற பயல்களில் ஒருவன், "மெஷினுக்குத் தெரியாத சரக்கா அடிக்கிறாரு, எங்க கிடைக்குதுன்னு கேட்டு எங்களுக்கும் சொல்லுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தொட்டிக்காரனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

அவனுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, அதுதான் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வரை அவன் நன்றாகக் குடிப்பான். மகள் கைக்குழந்தையாக இல்லை, நாலு வயது, அவளைக் கடைவீதிக்குக் கூட்டிப்போய் மழையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மறந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அன்றைக்கு நிறுத்தியவன் அப்புறம் தொடவே இல்லை. அவன் மனைவி அதை மன்னித்தாள், ஆனால் மறக்கவில்லை. மறக்கச் சொல்ல யாருக்கும் யோக்கியதையும் இல்லை.

அவள் வீட்டிலேயே கையுறை தைப்பவள். உள்ளங்கையில் தோல் வைத்த தடித்த கையுறை, எங்கள் தொழிற்சாலைக்குத்தான் போகும். காலையிலிருந்து அந்தத் தையல் மெஷின் என் தலைக்கு மேலேயே ஓடும். இரண்டு பக்கமும் இரண்டு கூடை, ஒன்றில் வலக்கை, ஒன்றில் இடக்கை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப் போயிருக்கும். ஒரு நாள் மூட்டுவலித் தைலம் கேட்டு மேலே போனபோது, தைத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தங்கச்சி, பிரிக்கிற?"

"எட்டும் வலக்கையாத் தைச்சிருக்கேன் அண்ணே. மனசு இங்க இருந்தாத்தானே?" நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். "நேத்தும் தள்ளாடிட்டுத்தான் வந்தாரு. செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்து நிக்கிறாரு. மக பக்கத்துல போயி வாயை மோந்து பாக்குறா. எட்டாவது படிக்கிற புள்ள அண்ணே. அப்பா வந்தா மோந்து பாக்குறதா அதுக்கு வேலை?"

"வாசம் வருதா?"

"வந்தாத்தான் தேவலையே! ஒண்ணும் வரல. அதான் பயமா இருக்கு. ஏதோ மாத்திரை, ஏதோ பொடின்னு புதுசு புதுசா என்னென்னமோ வருதாமே?"

ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவன் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்துவிட, நானும் அவளும் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். சின்ன வயசு டாக்டர். ரத்தம் எடுத்தார். சாராயம் இல்லை என்றார். ரத்தத்தில் புளிப்பு ஏறியிருக்கிறது, ஆனால் லாக்டிக் ஆசிட் பார்த்தோம், அது சரியாகத்தான் இருக்கிறது, எந்தப் புளிப்பு என்று பிடிபடவில்லை என்றார். ஊசி வழியாகத் திரவம் ஏற்றினார்கள். வாய்க்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இரண்டு நாளில் தெளிந்து எழுந்து உட்கார்ந்தான். போகும்போது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வேற ஏதாவது எடுத்துக்குறாரான்னு வீட்டுல கொஞ்சம் கவனிங்கம்மா" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவளுக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அதற்காக அவனைப் பட்டினி போட்டாளா என்றால், அதுதான் இல்லை. திட்டிக்கொண்டே ஊட்டினாள். அவ்வளவு பெரிய ஆள் இப்படி எலும்பும் தோலுமாக ஆகிவிட்டானே என்று அவளுக்கு ஆற்றாமை. அரிசியைக் குழைய வடித்துச் சர்க்கரை போட்ட கஞ்சி, நாலு வாழைப்பழம், வயிற்றுக்கு நல்லது என்று ஒரு கிண்ணம் தயிர், புட்டி நிறைய குளுக்கோஸ் தண்ணீர். இவ்வளவும் ஒரு பையில் கட்டி வேலைக்குக் கொடுத்தனுப்புவாள். காலையில் அவனுக்கு ஒன்றும் இறங்காது, பால், சர்க்கரை இல்லாத கட்டன் டீயோடு கிளம்பிவிடுவான். பதினொன்றரை மணிக்கு என் அறைக்கு வந்து பையைப் பிரிப்பான். எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கஞ்சியின் ருசியைப் பற்றி நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

நடுவில் ஒரு வாரம் அவள் ஊரில் இல்லை. அவளுடைய அண்ணன் காலை உடைத்துக்கொண்டான் என்று மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அந்த ஒரு வாரமும் அவன் காலையிலும் நேராக வந்தான், சாயங்காலமும் நேராகப் போனான். திரும்பி வந்தவளிடம் நான் சந்தோஷமாகத்தான் சொன்னேன், பதிவேட்டைக்கூடக் காட்டினேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப நான் இருந்தாத்தான் அவருக்குக் குடிக்கணும்போல இருக்குது" என்றாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் திரும்பி வந்த வாரமே அது நடந்தது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மூன்றாம் தொட்டியில் சர்க்கரைப் பாகு ஏற்ற வேண்டியவன், ஏணியில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு இறங்கி, மூடவேண்டிய குழாயைத் திறந்துவிட்டான். தரை முழுக்கப் பாகு ஓடி, இரண்டு பேர் வழுக்கி விழுந்து, ஒருவனுக்கு முழங்கை பிசகியது. தொட்டிக்காரனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என் அறைக்குக் கொண்டுவந்தார்கள். ஊதினான். சைபர். இன்சார்ஜ் என்னைப் பார்த்தார்.

"மெஷின் கிடக்கட்டும். நீ கண்ணால பாத்ததை எழுது."

எழுதினேன். 'தள்ளாடினார். வாய் குழறியது. கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்.' என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பெயர்.

வியாழக்கிழமை விசாரணை என்று சொல்லிவிட்டார்கள். குடித்துவிட்டுத் தொட்டியில் ஏறினால் வேலை போகும், அதில் பேச்சே இல்லை. ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம் வெளியே இருந்துவிட்டு, சிகிச்சை எடுத்த சீட்டோடு திரும்பலாம். அது ஒரு வழி. அவன் மனைவி தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தாள். உண்மையைச் சொல்லாவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே போய்விடுவேன் என்று. போனால் வருகிறவள் இல்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புதன்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். வெயில் தணிந்து லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன், என் முட்டி இரண்டும் சடக்கென்றன.

"அண்ணே, நான் குடிக்கல."

"சரி."

"சரின்னா? நம்புறீங்களா?"

"மெஷின் சைபர்தானே காட்டுது."

"மெஷினைக் கேக்கல. உங்களைக் கேக்குறேன்."

நான் மழையைப் பார்த்தேன். அவன், "எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு அண்ணே" என்றான். "சில நேரம் மூணு மணிக்கு அப்புறம் நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்ல. எங்கேயாவது போயி நானே குடிச்சிருப்பேனோ? அதையும் மறந்துட்டேனோ? முன்னாடி மறந்தவன்தானே நான்."

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை. இன்சார்ஜ், ஆபீஸ்காரர் ஒருவர், சாட்சிக்கு நான். அவன் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தான், பேச்சு சுத்தமாக இருந்தது. இன்சார்ஜ் கெட்டவர் இல்லை, அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

"ஒரே கேள்விதான். குடிச்சியா, இல்லையா? இல்லைன்னா என்னதான் எடுத்துக்குற, அதைச் சொல்லு."

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூரையில் மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றியது.

"குடிச்சேன் சார்."

"எப்ப?"

"எப்பன்னு வேணா நீங்களே எழுதிக்குங்க. கையெழுத்துப் போடுறேன்."

போட்டான். அப்பாடா என்றிருந்தது எனக்கு. நாலு மாதத்து முடிச்சு அவிழ்ந்த மாதிரி. ஆபீஸ்காரர் காகிதத்தை மடித்து உறையில் போட்டார். வெளியே போகும்போது கேட்டில் பழக்கதோஷத்தில் ஊது என்று சொல்லிவிட்டேன். அவனும் பழக்கதோஷத்தில் ஊதினான். குடித்தேன் என்று எழுதிக் கொடுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சைபர். அதையும் எழுதினேன்.

மூன்று மணிக்கு லேப்பம்மா வெளியே வந்தாள். தொட்டியில் ஓடுவது எந்தக் கை என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. முப்பது முப்பத்தைந்து வயது, எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவள் போல இருப்பாள், ஆனால் கண் தப்பாது.

"தொட்டிக்காரர் விஷயம் என்னாச்சு அண்ணே?"

"என்ன ஆகும்? ஒத்துக்கிட்டான். ஒன்பது வருஷம் கழிச்சு ஆள் திரும்ப இடக்கைக்கு ஓடிட்டான்."

ஊதிவிட்டு மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"இடக்கைக்கு ஓடிட்டான்னேன். நம்ம பேச்சுதானேம்மா?"

"அவருக்குக் குடல் வெட்டுனாங்கள்ல? எவ்வளவு மிச்சம்?"

"ரெண்டு முழம்னாங்க."

"எப்பத் தள்ளாடுவாரு? காலையிலயா, சாப்பிட்ட பிறகா?"

"சாயங்காலம். பதினொன்னரைக்குச் சாப்பிடுவான், மூணு மணிக்கு ஆடிட்டுப் போவான்."

"என்னைக்காவது ஆடாம இருந்திருக்காரா?"

அவன் மனைவி ஊரில் இல்லாத வாரத்தைச் சொன்னேன். அந்த வாரம் என்ன சாப்பிட்டான் என்று கேட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். சமைக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, என் அறையில் என்னோடு உட்கார்ந்து அவித்த முட்டையும் கட்டன் டீயும்தான். லேப்பம்மா என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, சிறுகுடல் இருந்தா சோறு, சர்க்கரை எல்லாம் அங்கேயே உடம்புல சேந்துடும். இவருக்கு அது இல்ல. எல்லாம் அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். அங்க பூச்சி இருக்கு. சூடா இருக்கு, காத்து இல்ல, சர்க்கரை கொட்டிக்கிட்டே இருக்கு. இது என்னது?"

"தொட்டி" என்றேன்.

"தொட்டிதான். அதுல வேற பூச்சி புகுந்தா?"

"ஆஸ்பத்திரியில லாக்டிக் ஆசிட் பாத்தாங்களேம்மா. சரியா இருக்குன்னு சொன்னாங்களே?"

"அந்த டெஸ்ட் வலக்கையை மட்டும்தான் பாக்கும். உடம்பு செய்யுறது அதுதானே, அதனால அதை மட்டும் பாத்தாப் போதும்னு வச்சிருக்காங்க. இடக்கை எவ்வளவு ஏறினாலும் அதுக்குத் தெரியாது. நான் படிக்கும்போது மாட்டுக்கு வரும்னு ஒரு பாரா வந்துச்சு. தானியத்தை மூட்டையோட தின்னுட்ட மாடு, குடிச்ச மாதிரி தள்ளாடும்னு. அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி, குடல் வெட்டுன மனுஷங்களுக்கும் வரலாம்னு." அவள் எழுந்தாள். "நான் நினைக்கிறது தப்பாவும் இருக்கலாம். நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றேன். அவர் வீட்டைக் காட்டுங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மேல்மாடியில் தையல் மெஷின் சத்தம் இல்லை. கதவைத் தட்டினேன். உள்ளே பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் நின்றாள், தலை கலைந்து, முகமெல்லாம் வேர்த்து. பின்னால் கட்டில் இழுத்துப் போட்டிருந்தது. பீரோ காலி, துணியெல்லாம் தரையில். கையுறைக் கூடைகள் இரண்டையும் கவிழ்த்துப்போட்டு, வலக்கையும் இடக்கையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. மூலையில் கட்டி வைத்த இரண்டு பைகள். சுவரோரம் அவன் உட்கார்ந்திருந்தான், தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் பாதி திறந்து.

"வாங்க அண்ணே, வந்து நீங்களே பாருங்க" என்றாள். "குடிச்சேன்னு ஒத்துக்கிட்டாரே தவிர, எதை, எங்க வச்சுக் குடிக்கிறாருன்னு சொல்ல மாட்டேங்குறாரு. மக ஸ்கூல்லேர்ந்து வந்ததும் சாயங்காலம் பஸ்ஸு. போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது இவரை நிதானமாப் பாத்துட்டுப் போகலாம்னு காலையிலேயே கதவைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். பாத்ரூம் ஜன்னலைக்கூட அடைச்சுட்டேன். இந்த ரூமை விட்டு ஒரு அடி நகரல. என் கண்ணு முன்னாடியேதான் இருந்தாரு. அப்புறமும் இப்படி உக்காந்திருக்காரே! வீடு பூரா துழாவிட்டேன். எங்க ஒளிச்சு வச்சிருக்காரு? நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க. எங்கதான் ஒளிச்சு வச்சிருக்காரு?"

"இ... இல்ல" என்றான் அவன். அதற்குமேல் வரவில்லை.

லேப்பம்மா அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணைப் பார்த்தாள், மூச்சு வேகமாக வாங்குவதைப் பார்த்தாள். "மத்தியானம் என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன இருந்தாலும் புருஷன். பட்டினியாவா விட்டுட்டுப் போவேன்? கடைசியா வயிறாரச் சாப்பிடட்டும்னு சர்க்கரை கூடப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தேன். ரெண்டு கிண்ணம் குடிச்சாரு. பழம் தின்னாரு. தயிர் குடிச்சாரு."

லேப்பம்மா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். மேடைமேல் பாத்திரம் இருந்தது, ஓரத்தில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது.

"அதுலதான் அக்கா ஒளிஞ்சிருக்கு" என்றாள்.

புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. லேப்பம்மா கடைசியில் தரையில் கிடந்த ஒரு வலக்கை உறையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். "உங்க இடது கையை இதுக்குள்ள விடுங்க." அவள் விட்டுப் பார்த்தாள். கட்டை விரல் எங்கோ முட்டிக்கொண்டு நின்றது. "ஆஸ்பத்திரி டெஸ்ட் இந்த உறைதான் அக்கா. வலது கை வந்தா மாட்டும், எத்தனைன்னு சொல்லும். இவர் உடம்புல இருக்குறது இடது. உறைக்குள்ள நுழையவே இல்ல, அதனால ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டாங்க."

அவள் அந்த உறையைக் கழற்றாமலே நின்றாள். யாருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று அவளுக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. பத்து வருடமாக அதைத்தானே தைக்கிறாள்.

"அப்ப நான் குடுத்ததா?" என்றாள் மெதுவாக. "நாலு மாசமா நானா குடுத்தேன்?"

லேப்பம்மா ஒரு காலிப் புட்டி இருக்கிறதா என்று கேட்டாள்.

அவனுடைய மூத்திரத்தை ஒரு புட்டியில் பிடித்து, என் சாப்பாட்டுப் பையில் வைத்துத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போனது நான்தான். என் கேட்டில் என்னையே நிறுத்தி, பையில் என்ன என்று கேட்டான் மாற்று ஆள். சாப்பாடு என்றேன். தொட்டியில் இடக்கை ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற அதே மருந்தைப் போட்டு லேப்பம்மா பார்த்தாள். இடக்கை தாறுமாறாக ஏறியிருந்தது. "நான் டாக்டர் இல்ல, இது ஆஸ்பத்திரிக் காகிதமும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நாங்கள் மேலே திரும்பி வருவதற்குள் அவன் மனைவி வண்டி பிடித்து வைத்திருந்தாள். கட்டி வைத்த பைகளில் ஒன்றைப் பிரித்து அவன் துணியைத் திணித்துக்கொண்டாள். அதே பையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்தச் சின்ன டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். நல்ல மனுஷன், சமாளிக்கப் பார்க்கவில்லை. "எங்க டெஸ்ட் ஒரு பக்கத்தை மட்டும்தான் பாக்கும்னு எனக்கு உறைக்கல" என்றார். ரத்தத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பினார். வாய்க்குச் சாப்பாட்டை நிறுத்தினார். பூச்சியை ஒடுக்க மருந்து கொடுத்தார். மூன்று நாளில் லேபிலிருந்தும் அதையே சொன்னார்கள். இனி ஆயுளுக்கும் சர்க்கரை கூடாது, சோறு ஒரு பிடிக்குமேல் கூடாது, தயிர் வேண்டாம், முட்டை, மீன், கறி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. அவள் ஒவ்வொன்றையும் என் பேனாவை வாங்கித் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

நாலாம் நாள் இன்சார்ஜ் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார், பாவம். "அந்தக் கடுதாசியைக் கிழிச்சாச்சு. உடம்பு தேறினதும் வா" என்றார். அவர் போனதும் அவள் பழத்தைத் தூக்கி என் மடியில் போட்டாள். "நீங்களே தின்னுங்க அண்ணே, இதை அவர் கண்ணுல காட்டாதீங்க." அவன் சிரித்தான். நாக்கு தெளிவாக இருந்தது, பார்வை தெளிவாக இருந்தது. உட்கார்ந்து அவித்த முட்டையின் வெள்ளையைச் சின்னச் சின்னதாகக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தான். மகள் ஸ்கூல் பையோடு கட்டில் காலடியில் சுருண்டு தூங்கிவிட்டிருந்தாள்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, குடிக்கவே இல்லையே நீங்க. அப்புறம் எதுக்குக் குடிச்சேன்னு எழுதிக் குடுத்தீங்க? வேலைக்காகவா?"

அவன் முட்டையைத் தட்டில் வைத்தான். கோபம் இல்லை. அலுப்புதான், அதுவும் பழைய அலுப்பு.

"நாலு மாசமா, குடிக்கல குடிக்கலன்னு சொன்னேன். நீ நம்பல. குடிச்சேன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். உடனே நம்புன."

அவள் கையில் இருந்த உறைகள் இரண்டும் அப்படியே நின்றன. அவன் மறுபடி முட்டையைக் கிள்ள ஆரம்பித்தான். நான் மடியில் வாழைப்பழத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த விசாரணை அறையில், அப்பாடா, ஒருவழியாக உண்மை வந்துவிட்டது என்று நினைத்தவன் நானும்தான்.